டிவிக்குள் கேபிள் டியூனர் இருந்தும் செட்டாப் பாக்ஸ் ஏன் கட்டாயம்?

கேள்வி இதுதான்: புதிய டிவியின் அட்டைப்பெட்டியில் ‘டிவிபி-சி டிஜிட்டல் கேபிள் டியூனர்’ என்று போட்டிருக்கிறது. பாக்ஸில் இருந்த கேபிள் வயரைக் கழற்றி நேராக டிவியில் செருகி ஸ்கேன் போட்டால், சேனல் பெயர்கள் வரிசையாக வருகின்றன. எதைத் தட்டினாலும் கறுப்புத் திரை, ‘ஸ்கிராம்பிள்டு’ என்று ஒரு வரி. டிவியில் கோளாறா, கேபிள்காரர் ஏதாவது செய்துவைத்திருக்கிறாரா? இருபது வருடத்துக்கு முந்தைய டிவியில் வயரைச் செருகினாலே எல்லாச் சேனலும் வந்ததே, ஒரே திரையில் இரண்டு சேனல்கூடப் பார்த்தோமே, அந்த வசதியெல்லாம் எங்கே போயிற்று?

டிவியில் கோளாறு இல்லை. கேபிள்காரரும் தன் இஷ்டத்துக்கு எதுவும் செய்யவில்லை. சட்டம் சொன்னதைத்தான் செய்கிறார்.

முதலில் உங்கள் திரையில் நடப்பதைப் பார்த்துவிடலாம். பெயர்கள் வந்ததே, அதுதான் நல்ல தடயம். டியூனர் அலைவரிசையைப் பிடித்துவிட்டது, சிக்னலைப் பிரித்துப் படித்துவிட்டது, அதில் இருந்த சேனல் பட்டியலையும் எடுத்துவிட்டது என்று அர்த்தம். கடிதத்தின் உறைமேல் இருக்கும் முகவரியை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், உள்ளே இருப்பதைத்தான் படிக்க முடியாது. டிஜிட்டல் கேபிளிலும் அப்படித்தான். சேனல் பெயர், எண், மொழி போன்ற விவரங்கள் திறந்தே வருகின்றன. படமும் ஒலியும் மட்டும் பூட்டப்பட்டு வருகின்றன. அந்தப் பூட்டின் சாவி சில வினாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். புதுச் சாவியைக் கண்டுபிடிக்கும் ரகசியம் செட்டாப் பாக்ஸுக்குள் இருக்கும் கார்டிலோ சிப்பிலோ இருக்கிறது, அதுவும் நீங்கள் பணம் கட்டியிருக்கும் வரை மட்டும். டிவியில் அந்த ரகசியம் இல்லை. எவ்வளவு விலை உயர்ந்த டிவியாக இருந்தாலும் சரி.

ஆக, சேனல் டிஜிட்டலாக மாறியதால் உங்கள் டியூனர் செத்துப்போகவில்லை. பூட்டியதால்தான் செத்தது. பலர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். ‘எல்லாம் டிஜிட்டல் ஆயிடுச்சு, அதான் பாக்ஸ் வேணும்’ என்று கேபிள் ஆபீஸில் சொல்வார்கள். பாதி உண்மைதான். உங்கள் டிவியே டிஜிட்டல்தானே.

பூட்டு எங்கிருந்து வந்தது என்றால், 1995-ஆம் ஆண்டு கேபிள் டிவி நெட்வொர்க் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2011-ல் கொண்டுவந்த திருத்தத்திலிருந்து. அதன் 4ஏ பிரிவு, எந்தச் சேனலையும் மறைகுறியாக்கி, அதாவது பூட்டி, டிஜிட்டல் அட்ரசபிள் முறையில்தான், அதாவது ஒவ்வொரு வீட்டு பாக்ஸையும் தனித்தனியாக அடையாளம் காணும் முறையில்தான், அனுப்ப வேண்டும் என்கிறது. ‘எந்தச் சேனலையும்’ என்பதைக் கவனியுங்கள். கட்டணச் சேனல் மட்டுமல்ல, இலவசச் சேனலும் இதில் அடங்கும். மொட்டை மாடி ஆன்டெனாவில் காசில்லாமல் வந்த தூர்தர்ஷன்கூட, கேபிள் வழியாக வரும்போது பூட்டோடுதான் வர வேண்டும்.

அதற்கு முன்னால் நிலைமை இப்படி இல்லை. 2002-ல் கொண்டுவந்த பழைய திருத்தம், காஸ் என்று அப்போது பேசப்பட்டது, கட்டணச் சேனல்களை மட்டுமே பாக்ஸுக்குள் தள்ளியது. அதை 2003 செப்டம்பர் 1 அன்று உண்மையில் தொடங்கிய பெருநகரம் சென்னை மட்டும்தான். மற்ற பெருநகரங்களின் சில பகுதிகளுக்கு அது 2006-ன் கடைசியில்தான் போனது. காஸ் காலத்தில் பாக்ஸ் வாங்காத வீட்டிலும் இலவசச் சேனல்கள் பழையபடி வயர் வழியாக நேராக டிவிக்கு வந்துகொண்டிருந்தன. டிவியின் டியூனருக்குக் கொஞ்சமாவது வேலை இருந்தது. 2011 திருத்தம் அந்த மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது.

ஏன் இப்படி ஒரு சட்டம்? காசுக்கணக்குதான். அனலாக் கேபிளில் ஒரு தெருவில் எத்தனை வீட்டுக்கு இணைப்பு இருக்கிறது என்பது அந்தத் தெரு கேபிள்காரருக்கு மட்டுமே தெரியும். அவர் மேலே காட்டும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும், வசூல் செய்யும் எண்ணிக்கை வேறாக இருக்கும். சேனல் நிறுவனங்களுக்கும் வரி வாங்கும் அரசுக்கும் இது தீராத தலைவலி. ஒவ்வொரு வீட்டிலும் எண் போட்ட பாக்ஸ் இருந்தால் கணக்கு தானாக வந்துவிடும். அதோடு அனலாக்கில் ஒரே ஒரு சேனல் ஓடிய 8 மெகாஹெர்ட்ஸ் இடத்தில், டிஜிட்டலில் வினாடிக்குச் சுமார் 38 மெகாபிட் வரை அனுப்பலாம். பத்துச் சாதாரணச் சேனலுக்கு மேல் அதில் அடங்கிவிடும். இந்த இரண்டாவது லாபத்துக்குப் பூட்டு தேவையே இல்லை. முதல் லாபத்துக்குத்தான் தேவை.

நடைமுறையில் இது நாலு கட்டமாக வந்தது. நான்கு பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31 என்று கெடு. சென்னையில் வழக்குகளால் அது இழுத்துக்கொண்டே போனது. கடைசிக் கட்டத்தின் கெடு 2017 மார்ச் 31. தமிழ்நாட்டில் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்ததே 2017 ஏப்ரலில்தான். அந்த ஆண்டு செப்டம்பரில் இலவச செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கினார்கள். அதனால் டெல்லி, மும்பை வீடுகளில் டியூனர் ஓய்வு பெற்ற பிறகும் நம் ஊர்ப் பக்கம் பழைய டிவிகள் வயரை நேராகச் செருகியே சில வருடம் ஓட்டின. உங்கள் நினைவில் ‘செருகினாலே வந்ததே’ என்று பசுமையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

விதியும் சிக்னலும் மாறும்போது டிவியின் வசதி செல்லாக்காசு ஆவது நமக்குப் புதிதும் இல்லை. எண்பதுகளின் டிவிகளை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு சின்ன மூடி, அதைத் திறந்தால் வரிசையாகச் சின்னச் சக்கரங்கள்; ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு சக்கரத்தை விரலால் உருட்டி ஸ்டேஷன் பிடிக்க வேண்டும். தூர்தர்ஷன் ஒன்றிரண்டுதான், எனவே அதுவே அதிகம். அந்த டிவிகளில் பல, வானொலி அலைவரிசையில் இரண்டு துண்டுகளை மட்டுமே பிடிக்கும்: 47 முதல் 68 மெகாஹெர்ட்ஸ் வரை ஒன்று, 174 முதல் 230 வரை இன்னொன்று. நடுவில் உள்ள இடம் எஃப்எம், விமானப் போக்குவரத்து என்று வேறு வேலைகளுக்கானது. ஆனால் கேபிள் வயருக்குள் விமானம் பறப்பதில்லையே! தொண்ணூறுகளில் சேனல்கள் பெருகியதும் கேபிள்காரர்கள் அந்த நடு இடத்தையும், 230-க்கு மேலே உள்ள இடத்தையும் பிடித்து நிரப்பினார்கள். மிட் பேண்ட், சூப்பர் பேண்ட், அப்புறம் 300-லிருந்து 470 வரை ஹைப்பர் பேண்ட். பழைய டிவிக்கு அந்தப் பக்கமே தெரியாது. பக்கத்து வீட்டில் வரும் சேனல் நம் வீட்டில் வரவில்லை என்று அந்த நாளில் நடந்த சண்டைகளில் பாதி இதனால்தான். கடைகளில் ‘ஹைப்பர் பேண்ட், 100 சேனல்’ என்று டிவியின் நெற்றியிலேயே ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள், அதற்குத் தனி விலையும் வாங்கினார்கள்.

சட்டமும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. 2000-ல் வந்த ஒரு திருத்தம், தூர்தர்ஷன் சேனல்களைக் கேபிளில் ‘பிரைம் பேண்ட்’டில் தர வேண்டும் என்று சொன்னது. எந்தப் பழைய டிவியிலும் தெளிவாக வரும் முன்வரிசை இடம் அது. அந்த இடத்துக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததால், தனியார் சேனல்கள் கேபிள் நிறுவனங்களுக்குக் கேரியேஜ் கட்டணம் கொடுத்து அங்கே இடம் பிடித்தன. இன்று பாக்ஸில் எந்தச் சேனலுக்கு என்ன எண் என்பதை மென்பொருள் முடிவு செய்கிறது. பிரைம் பேண்டும் போயிற்று, ஹைப்பர் பேண்ட் ஸ்டிக்கரும் போயிற்று.

சரி, ஒரே திரையில் இரண்டு சேனல் விஷயத்துக்கு வருவோம். பிக்சர்-இன்-பிக்சர் என்று பெருமையாக விற்றார்கள். நல்ல மாடல்களில் உள்ளே இரண்டு டியூனர் இருக்கும். ஒரே வயரில் எல்லாச் சேனலும் திறந்த நிலையில் வருவதால், ஒரு டியூனர் சீரியலைப் பிடிக்கும், இன்னொன்று மூலையில் கிரிக்கெட்டைப் பிடிக்கும். பாக்ஸ் வந்ததும் டிவிக்குள் வருவது ஒரே ஒரு படம்தான்: பாக்ஸில் நீங்கள் வைத்த சேனல். இரண்டாவது டியூனருக்குப் பிடிக்க எதுவும் இல்லை.

இதே காரணத்தால் சத்தமில்லாமல் போன வசதிகள் இன்னும் சில உண்டு. டிவியில் இருந்த சேனல் லாக் அவற்றில் ஒன்று. பிள்ளைகள் பார்க்கக் கூடாத சேனலை எண் போட்டுப் பூட்டி வைத்திருந்த வீடுகளில், பாக்ஸ் வந்த அன்றே அந்தப் பூட்டு கழன்றுவிட்டது. டிவிக்குத் தெரிவது ‘ஏவி 1’ என்ற ஒரே உள்ளீடுதான், சேனல் எண் தெரியாது. பாக்ஸில் தனியாக ஒரு பின் நம்பர் வசதி இருக்கிறது. அதை மெனுவில் தேடிப் போட்டு வைத்த வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றை வீடியோ டெக்கில் பதிவு செய்வதும் அப்படியே போனது. பிந்தைய டிவிகளில் யுஎஸ்பி டிரைவைச் செருகி நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் வசதி வந்தது, ஆனால் அது டிவியின் சொந்த டியூனரில் வரும் சேனலுக்குத்தான். எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்துக்குத் தனியாக ஒரு நகல் தடுப்பு இருக்கிறது.

பணத்தளவில் பெரிய இழப்பு இரண்டாவது டிவிதான். அப்போது சின்ன ஸ்பிளிட்டர் ஒன்று வாங்கி வயரைப் பிரித்தால் ஹாலிலும் படுக்கையறையிலும் வேறு வேறு சேனல் ஓடும், மாதக் கட்டணம் ஒன்றுதான். இப்போது ஒவ்வொரு டிவிக்கும் ஒரு பாக்ஸ், ஒவ்வொரு பாக்ஸுக்கும் ஒரு கணக்கு. 2019 பிப்ரவரியில் புதிய கட்டண முறை வந்தபோது, சேனல் விலை போக நெட்வொர்க் கட்டணம் மட்டும் வரி சேர்த்து 153 ரூபாய் 40 காசு வரை ஒவ்வொரு இணைப்புக்கும் வாங்கலாம் என்று ஆனது. 2020 ஜனவரியில் டிராய், அதாவது நம் நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதைத் திருத்தி, ஒரே வீட்டின் இரண்டாவது டிவியிலிருந்து அந்தக் கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. ஸ்பிளிட்டர் செய்த வேலைக்கு ஒரு ஒழுங்குமுறை ஆணையம் விலை நிர்ணயிக்க வேண்டியிருந்தது.

வேறு நாட்டில் எப்படி என்று கேட்டால், அங்கேதான் விஷயம் இன்னும் தெளிவாகப் புரியும். அமெரிக்காவில் இதே சண்டை நமக்கு இருபது வருடம் முன்பே நடந்தது. அங்கே கேபிள் கம்பெனிகள் சேனலைக் குழப்பி அனுப்பி, வாடகைப் பாக்ஸ் வழியாகத்தான் பார்க்க வைத்தன. ‘கேபிள் ரெடி’ என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கிய டிவி, மூன்றாம் எண் சேனலில் நிரந்தரமாக நின்றது. பாக்ஸின் வெளியீடு அந்த எண்ணில்தான் வரும். புகார்கள் குவிந்து, 1992-ல் நிறைவேறிய கேபிள் சட்டத்தில் நாடாளுமன்றம் இதை வெளிப்படையாகவே எழுதியது: ஒரு சேனலைப் பார்த்தபடி இன்னொன்றைப் பதிவு செய்வது, அடுத்தடுத்து வேறு வேறு சேனலில் வரும் இரண்டு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வது, திரையில் பிக்சர்-இன்-பிக்சர் போன்ற வசதிகளைப் பயன்படுத்துவது, இவையெல்லாம் குழப்பிய சிக்னலால் கெடுகின்றன என்று. பிக்சர்-இன்-பிக்சரைக் காப்பாற்ற ஒரு நாட்டின் நாடாளுமன்றம் சட்டம் போட்டது என்று சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். அந்தச் சட்டத்தின்படி எஃப்சிசி, அதாவது அங்கத்திய தகவல் தொடர்பு ஆணையம், 1994-ல் விதி கொண்டுவந்தது: அடிப்படைச் சேனல் தொகுப்பைப் பூட்டக் கூடாது.

அந்த ஒரு விதியால்தான் அங்கே டிவியின் டிஜிட்டல் கேபிள் டியூனர் ‘கிளியர் குவாம்’, அதாவது பூட்டில்லாத டிஜிட்டல் கேபிள், என்ற பெயரில் உயிரோடு இருந்தது. 2012 அக்டோபரில் எஃப்சிசி அதை விலக்கிக்கொண்டது. முழுவதும் டிஜிட்டலான கேபிள் நிறுவனங்கள் அடிப்படைச் சேனலையும் பூட்டலாம் என்று அனுமதி கொடுத்தது. கேபிள் கம்பெனிகள் சொன்ன வாதம் இரண்டு: திருட்டு இணைப்பு, அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் இணைப்பு கொடுக்கவும் துண்டிக்கவும் ஆள் அனுப்ப வேண்டியிருப்பது. பூட்டிவிட்டால் ஆபீஸில் உட்கார்ந்தபடியே ஆன், ஆஃப் செய்யலாம். பதிலுக்குப் பெரிய நிறுவனங்கள் அடிப்படை இணைப்பு மட்டும் வைத்திருந்தவர்களுக்கு இரண்டு வருடம் பாக்ஸை இலவசமாகத் தர வேண்டும், மெடிக்கெய்டு என்ற அரசு மருத்துவ உதவி பெறும் ஏழைகளுக்கு ஐந்து வருடம் என்று ஒரு நிபந்தனை. அதன் பிறகு வாடகை. ஒரு நாள் காலையில் சமையலறைச் சின்ன டிவியில் திடீரென்று சேனல் காணாமல் போனால், டிவியில் எந்த உதிரிபாகமும் மாறவில்லை, விதிப்புத்தகத்தில் ஒரு பத்தி மாறியிருக்கிறது என்று வீட்டுக்காரருக்கு யார் சொல்வது?

அவர்கள் இன்னொரு வழியும் முயன்றார்கள்: கேபிள்கார்டு. பூட்டைத் திறக்கும் பகுதியை மட்டும் ஒரு கார்டாக்கி டிவியில் செருகுவது. 2004 வாக்கில் அந்தத் துளை வைத்த டிவிகள் வந்தன. கேபிள் கம்பெனிகளுக்கு அதில் ஆர்வமே இல்லை. வீடியோ ஆன் டிமாண்ட் போன்ற இருவழி வசதிகள் அந்த டிவிகளில் வேலை செய்யவில்லை. 2007 ஜூலை முதல் கம்பெனிகளின் சொந்தப் பாக்ஸும் அதே கார்டில்தான் ஓட வேண்டும் என்று விதி வந்தது, 2014-ல் வந்த சட்டம் அதை நீக்கியது, 2020-ல் மிச்ச விதிகளும் போயின. 2016-ல் விசியோ நிறுவனம் டியூனரே இல்லாத பெரிய திரைகளை விற்கத் தொடங்கியது. டியூனர் இல்லாவிட்டால் அங்கே அதை டிவி என்று சொல்லி விற்க முடியாது, அதனால் ‘ஹோம் தியேட்டர் டிஸ்பிளே’ என்று பெயர் வைத்தார்கள்.

ஜெர்மனி இதற்கு நேர் எதிர். அங்கே ஆர்டிஎல், புரோசீபன்சாட்1 என்ற இரண்டு பெரிய குழுமங்கள் தங்கள் சாதாரணத் தரச் சேனல்களைப் பூட்டி, பார்ப்பவரிடம் தனிக் காசு வாங்கக் கூடிப் பேசின என்று போட்டி ஒழுங்கு ஆணையம் கண்டுபிடித்து, 2012 டிசம்பரில் இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 55 மில்லியன் யூரோ அபராதம் போட்டது. அந்தச் சேனல்களைப் பத்து வருடம் பூட்டாமல் தருவோம் என்று அவை ஒப்புக்கொண்டன. எச்டி சேனலுக்குப் பூட்டு இருந்தது, அது வேறு கதை. ஆனால் 2013-க்குப் பிறகு அங்கே ஒருவர் சுவரில் இருக்கும் கேபிள் வயரை டிவியில் செருகி ஸ்கேன் போட்டால் முக்கியச் சேனல்கள் படத்தோடு வந்தன. உங்கள் டிவியில் இருக்கும் அதே டிவிபி-சி டியூனர்தான். பூட்டில்லாத டிஜிட்டலை அது அழகாகக் காட்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இங்கே வேலை செய்யாத டியூனரை ஏன் இங்கே விற்கும் டிவியில் வைக்கிறார்கள் என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஒரே மெயின்போர்டைப் பல நாடுகளுக்குத் தயாரிக்கிறார்கள். முன்பு தீப்பெட்டி அளவு உலோகப் பெட்டியாக போர்டின் மூலையில் உட்கார்ந்திருந்த டியூனர், இன்று நகத்தைவிடச் சின்னச் சிப். ஆன்டெனா, கேபிள், டிஷ் மூன்றையும் அதுவும் பக்கத்துச் சிப்பும் பார்த்துக்கொள்ளும். எடுப்பதைவிட விட்டுவிடுவது அவர்களுக்கு மலிவு. அட்டைப்பெட்டியில் ஒரு வரி கூடுதலாகப் போடலாம்.

இங்கே அதற்கு உயிர் கொடுக்க ஒரு யோசனை வந்தது. 2020 ஏப்ரலில் டிராய், செட்டாப் பாக்ஸ்கள் எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும்படி இருக்க வேண்டும், டிவிகளிலும் யுஎஸ்பி வடிவில் ஒரு பொது இணைப்பு இருக்க வேண்டும் என்று பரிந்துரை செய்தது. அது நடந்திருந்தால் கேபிள்காரர் பென்டிரைவ் மாதிரி ஒன்றைக் கொடுத்திருப்பார், டிவியின் டியூனர், சேனல் லாக், பதிவு வசதி எல்லாம் திரும்ப வேலை செய்திருக்கும். வீடுகளுக்கு அது வந்து சேரவில்லை. கேபிள்கார்டு பட்ட பாட்டைப் பார்த்தால் வந்திருந்தாலும் நம் ஆட்கள் அதை எவ்வளவு ஆசையாகக் கொடுத்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

இப்போது உங்கள் டிவிக்கு. கேபிளைப் பொறுத்தவரை பாக்ஸ்தான் வழி, அதனால் ஸ்கேன் போடுவதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். பட்டியலில் கேபிள்காரரின் லோக்கல் சேனல் ஏதாவது பூட்டில்லாமல் வந்தால் ஆச்சரியப்படவும் வேண்டாம். பாக்ஸ் சிவப்பு-வெள்ளை-மஞ்சள் வயரில் இணைந்திருந்தால், எச்டிஎம்ஐ உள்ள எச்டி பாக்ஸ் கிடைக்குமா என்று கேளுங்கள்; பெரிய திரையில் முகங்கள் அகலமாக இழுபட்டுத் தெரிவது பாதி அந்த மஞ்சள் வயரின் வேலை. டிவியின் விவரப் பட்டியலில் ‘எஸ்2’ என்றும் இருந்தால் அது டிஷ் டியூனர். மாடியில் சின்ன டிஷ் வைத்து டிடி ஃப்ரீ டிஷ் பக்கம் திருப்பினால், பூட்டில்லாத சேனல்கள் பாக்ஸ் இல்லாமலே நேராக டிவியில் வரும். தமிழ்ச் சேனல் அதில் குறைவு என்பதால் வீட்டில் யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

அடுத்த டிவி வாங்கும்போது எத்தனை எச்டிஎம்ஐ துளை என்று எண்ணுங்கள், டியூனர் பெயர்களை எண்ண வேண்டாம். யாராவது சர்வீஸுக்கு வந்து, கேபிள் நேராக வராததற்கு ‘டியூனர் போயிடுச்சு, மாத்தணும்’ என்று சொன்னால், சேனல் பெயர்கள் வந்த அந்தப் பட்டியலைக் காட்டி அனுப்பிவிடுங்கள்.